மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரை நம் ஆய்வைப் பற்றியதாகவே இருந்தால் என்ன செய்வது?

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே வசிக்கிறேன். ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராக வேதியியல் கற்பித்துக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வடகரப்பதி, எருத்தேன்பதி பஞ்சாயத்துகளின் போர்வெல் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் என் ஆய்வுப் பொருள். என் நெறியாளருக்கு மதிப்பீட்டுக்கு வரும் கட்டுரைகளைச் சார் எனக்கு அனுப்பிவிடுவார். நான் அறிக்கை எழுதிக் கொடுப்பேன். அது அவர் பெயரில் போகும். சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தபோது திகைத்துவிட்டேன். அதே பஞ்சாயத்துகள், அதே ஃபுளோரைடு, ஏறக்குறைய அதே முடிவு. என்னிடம் கோடைகால மாதிரிகள் மட்டுமே இருக்கின்றன. அவர்கள் மழைக்காலத்திலும் எடுத்திருக்கிறார்கள். சாரிடம் சொன்னேன். "இரண்டு மாதம் கையில் வைத்துக்கொள், அதற்குள் நம் கட்டுரையை அனுப்பிவிடலாம், நம் பழைய கட்டுரைகள் நான்கையும் மேற்கோள் காட்டச் சொல்லி எழுது" என்றார். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சுருக்கம் எடுப்பதற்காக அந்தக் கோப்பை ஓர் ஏ.ஐ. செயலியில் ஏற்றிவிட்டேன். நான் மறுத்தால் ஆய்வேட்டில் கையெழுத்து விழாதோ என்று பயமாக இருக்கிறது. இனிமேல் நான் மழைக்கால மாதிரி எடுத்தால் அது திருட்டாகுமா?

— பெயர் வெளியிட வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

முதலில் செய்ய வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அறிக்கையை எழுதாதீர்கள். கட்டுரையை அனுப்பிய ஆய்விதழின் ஆசிரியருக்கு, இந்த வாரத்துக்குள்ளேயே, இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்ற செய்தி போய்ச் சேர வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் நெறியாளர். அவர் சொல்லும்படி செய்வதற்கு உங்களால் ஆனதை நீங்கள் செய்ய வேண்டும். உங்கள் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை, இந்த ஒரு காரியம் நடக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே அமையும்.

நீர்வேதியியல் சார்ந்த ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் நெடுங்காலமாக இருந்துவருபவன் என்ற முறையில், மதிப்பீட்டுக்கு வரும் கட்டுரை எப்படிப்பட்ட பொருள் என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன். அச்சுக்கு வராத ஒரு கட்டுரை, பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது நம்மை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகும் சாவியைப் போன்றது. ஓர் ஆய்வாளர் இரண்டு மூன்று ஆண்டுகள் வெயிலில் அலைந்து சேர்த்த எண்களை, அவை தம்முடையவை என்று உலகுக்கு நிறுவுவதற்கு முன்பே, முகம் தெரியாத இருவர் மூவரின் பார்வைக்கு ஒப்படைக்கிறார். எழுதியவருக்கு அந்த இருவர் யாரென்று பெரும்பாலும் தெரியாது. தெரியாதவரை நம்பி ஒப்படைக்கும் இந்த ஏற்பாடு ஒன்றின் மேல்தான் சக ஆய்வாளர் மதிப்பீடு என்ற முறை முழுவதும் நிற்கிறது. ஆகவே, படித்ததை நம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, பிறருக்குக் காட்டக் கூடாது, வேண்டுமென்றே காலம் தாழ்த்தக் கூடாது என்ற மூன்றும் மதிப்பீட்டாளரின் அடிப்படைக் கடமைகள். 1997-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்டு இன்று உலகெங்கும் ஆய்விதழ்கள் பின்பற்றும் 'கோப்' என்னும் வெளியீட்டு நெறிக் குழு, தன் மதிப்பீட்டாளர் வழிகாட்டுதலில் உங்கள் நிலைமையை ஏறக்குறைய அப்படியே குறிப்பிடுகிறது: தாம் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையோடு மிகவும் ஒத்த ஒரு கட்டுரையை மதிப்பிட ஒப்புக்கொள்ளக் கூடாது.

இந்தக் கடமை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, உங்கள் கதையோடு அச்சாக ஒத்துப்போகும் ஒரு நிகழ்வு இருக்கிறது. 1978-இன் இறுதியில், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய ஹெலனா வாக்ஸ்லிக்ட்-ராட்பார்ட் என்ற இளம் ஆய்வாளர், பசியின்மை நோயால் பாதிக்கப்பட்டவர்களின் உடலில் இன்சுலின் எவ்வாறு செயல்படுகிறது என்பது குறித்த கட்டுரையை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழுக்கு அனுப்பினார். அது மதிப்பீட்டுக்காக யேல் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஃபெலிக் என்ற மூத்த பேராசிரியரிடம் சென்றது. அவர் அதைத் தம்முடன் பணியாற்றிய விஜய் சோமன் என்ற இளையவரிடம் கொடுத்தார். சோமன் அதே பொருளில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். அந்தப் பிரதியை நகலெடுத்து வைத்துக்கொண்டார். யேலிலிருந்து கட்டுரையை நிராகரிக்கப் பரிந்துரை சென்றது. சில வாரங்களிலேயே சோமனும் ஃபெலிக்கும் அதே பொருளில் எழுதிய கட்டுரை வேறோர் இதழுக்குப் போனது. அந்த இதழ் அதை மதிப்பீட்டுக்கு அனுப்பிய இடம் ராட்பார்டின் மேலதிகாரியின் மேசை. அவர் அதை ராட்பார்டிடமே கொடுத்தார். தாம் எழுதிய வாக்கியங்களை வேறொருவர் பெயரின் கீழ் அவர் படிக்க நேர்ந்தது.

ராட்பார்ட் விடவில்லை. பலமுறை எழுதினார், விசாரணை கேட்டார். ஓராண்டுக்கு மேல் இழுபறிக்குப் பின், 1980-இல் வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர் சோமனின் குறிப்பேடுகளைப் பார்த்தபோது வாக்கியத் திருட்டோடு காரியம் நிற்கவில்லை என்பது தெரியவந்தது. தரவுகளே புனையப்பட்டிருந்தன, பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. சோமன் பதவி விலகினார். அதற்குள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவராகச் சென்றிருந்த ஃபெலிக்கும் அந்தப் பதவியைத் துறக்க நேர்ந்தது. ஃபெலிக் தம் கையால் ஒரு வரியும் திருடவில்லை. தம்மை நம்பி வந்த கட்டுரையை இதழுக்குச் சொல்லாமல் இளையவரிடம் கொடுத்தார், பிறகு வந்த அறிகுறிகளைக் கண்டுகொள்ளாமல் விட்டார். உங்கள் நெறியாளருக்கும் இந்த வரலாறு தெரிந்திருந்தால் நல்லது.

இது பழைய காலத்துக் கதை என்றும் ஒதுக்கிவிட முடியாது. 2016-இன் இறுதியில் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் மைக்கேல் டான்சிங்கர் என்ற மருத்துவர் ஒரு திறந்த மடல் எழுதினார். அந்த இதழுக்கு அவர் அனுப்பி நிராகரிக்கப்பட்ட கட்டுரையை, அதை மதிப்பிட்டவரே, நோயாளிகளின் ஊரை மட்டும் மாற்றித் தம்முடையதாக வேறோர் இதழில் வெளியிட்டிருந்தார். அந்த வெளியீடு பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோன ஒன்றுக்கு வருகிறேன். நெறியாளருக்கு வரும் கட்டுரைக்கு மாணவர் அறிக்கை எழுதுவதும், அது நெறியாளர் பெயரில் போவதும் நம் பக்கத்தில் மட்டுமன்றி உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. 2019-இல் ஈலைஃப் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், கேள்விகளுக்குப் பதிலளித்த இளம் ஆய்வாளர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இவ்வாறு தம் பெயர் வராமல் அறிக்கை எழுதியதாகக் கூறியிருந்தனர். பரவலாக இருப்பதனால் இது சரியாகிவிடாது. இதழின் ஆசிரியர், ஒருவரின் தகுதியைப் பார்த்து அவரை அழைக்கிறார். ஆசிரியருக்குக் கிடைப்பதோ தாம் அறியாத வேறொருவரின் கருத்து. அறிக்கை எழுதியவருக்கு முரண்பட்ட நலன், அதாவது நடுநிலையைக் குலைக்கக்கூடிய சொந்த ஆதாயம், இருக்கிறதா என்று கேட்க அவருக்கு வழியே இல்லை. உங்கள் விஷயத்தில் நிகழ்ந்தது சரியாக இதுதான். மாணவரைச் சேர்த்துக்கொள்வதே தவறென்று பெரும்பாலான இதழ்கள் சொல்வதில்லை. மதிப்பீடு செய்யக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழியும் கிடையாது. முன்கூட்டியே அனுமதி கேட்டு, மாணவரின் பெயரையும் தெரிவித்தால் போதும்; பல இதழ்களின் இணைய அறிக்கைப் படிவத்தில் உடன் மதிப்பிட்டவரின் பெயரை எழுத இப்போது தனி இடமே இருக்கிறது. இனிமேல் சார் கட்டுரை அனுப்பினால், "என் பெயரையும் ஆசிரியருக்குத் தெரிவித்துவிடலாமா, சார்?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. உங்கள் உழைப்புக்கு ஒரு பதிவும் கிடைக்கும்.

இப்போது சாரிடம் எப்படிப் பேசுவது என்பது. உங்கள் பயம் நியாயமானது. பகுதிநேர ஆய்வாளர், கெஸ்ட் லெக்சரர், கையெழுத்து அவரிடம். இந்த நிலையில் இருப்பவரிடம் "துணிந்து எதிர்த்து நில்லுங்கள்" என்று தூரத்திலிருந்து அறிவுரை சொல்வது எளிது, அதை நான் செய்ய மாட்டேன். அதேசமயம், இரண்டு மாதம் வைத்துக்கொள் என்பது சிறிய சலுகை போலத் தோன்றினாலும், அது மற்றொருவரின் முன்னுரிமையை ஒளிந்திருந்து பறிப்பது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே, அவர் முகம் வாடாமல் விலகிக்கொள்ள ஒரு வழியை நீங்களே அவர் முன் வையுங்கள். முரண்பட்ட நலன் இருக்கிறது என்று சொல்லி விலகும் மதிப்பீட்டாளரை எந்த ஆசிரியரும் குறைவாக நினைப்பதில்லை. எங்களுக்கு அப்படி ஒரு மடல் வந்தால் அவரை அடுத்த முறை கூடுதல் நம்பிக்கையோடு அழைக்கிறோம். நேரில், தனியாக இருக்கும்போது, "சார், இதை நாம் மதிப்பிட்டால் நாளை நம் கட்டுரை வரும்போது அவர்கள் தேதிகளைச் சேர்த்துப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், உங்கள் பெயர் அடிபடும், இப்போதே விலகிவிடலாம், மடலை நான் எழுதித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அவர் நலனையும் சேர்த்தே இதைச் சொல்கிறீர்கள், அது உண்மையும்கூட.

மடல் ஏறக்குறைய இவ்வாறு இருக்கலாம். இதழின் மொழியில் எழுதிக்கொள்ளுங்கள்:

"தாங்கள் மதிப்பீட்டுக்கு அனுப்பிய கட்டுரையின் பொருளும் ஆய்வுப் பகுதியும், என் வழிகாட்டுதலில் என் மாணவி செய்துவரும், விரைவில் வெளியீட்டுக்கு அனுப்பவிருக்கும் ஆய்வோடு மிகவும் ஒத்திருக்கின்றன. ஆகவே இதை நான் மதிப்பிடுவது முறையாகாது, விலகிக்கொள்கிறேன். என் மாணவியும் இக்கட்டுரையைப் படித்திருக்கிறார். சுருக்கம் எடுப்பதற்காக இதன் கோப்பு ஓர் ஏ.ஐ. செயலியில் ஏற்றப்பட்டது, அது இப்போது அங்கிருந்து நீக்கப்பட்டுள்ளது, எங்களிடமிருந்த படிகளும் அழிக்கப்பட்டுவிட்டன. எங்கள் மாதிரிகள் எடுக்கப்பட்ட காலத்தைக் கீழே குறித்திருக்கிறோம். இக்கட்டுரையிலிருந்து எதையும் எங்கள் பணியில் பயன்படுத்த மாட்டோம்."

ஏ.ஐ. பற்றிய வாக்கியத்தைப் பார்த்துச் சார் தயங்கலாம், நீங்களும் தயங்கலாம். அதை விட்டுவிடாதீர்கள். வெளியாகாத கட்டுரையை வெளிநிறுவனம் ஒன்றின் கணினிக்கு அனுப்புவது ரகசியக் காப்பை மீறுவதாகும் என்பது இன்று ஆய்வுலகில் ஏற்கப்பட்ட நிலை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2023 ஜூனில் தன் நிதி விண்ணப்பங்களின் மதிப்பீட்டுக்கு இத்தகைய செயலிகளைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது; பெரிய பதிப்பகங்கள் பலவும் மதிப்பீட்டாளர்களுக்கு அதையே சொல்கின்றன. செயலியின் அமைப்புகளில் உரையாடலை அழிக்கும் வசதியும், பதிவேற்றியதைப் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதிக்காத தெரிவும் இருந்தால் இரண்டையும் இன்றே செய்யுங்கள். அது கொடுத்த சுருக்கத்தையும் வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்களாகவே தெரிவித்துவிட்டால், ஆசிரியர் அதை அறியாமையால் நேர்ந்ததாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். பிற்பாடு வேறு வழியில் தெரியவந்தால் அப்படி எடுத்துக்கொள்ள அவருக்குக் காரணம் இருக்காது.

சார் மறுத்தால்? அறிக்கை எழுத முடியாது என்பதை அடக்கமான ஒரு மின்னஞ்சலில் அவருக்கே எழுதிவிடுங்கள். காரணம் ஒரே வரியில் போதும்: என் ஆய்வும் இதுவும் ஒன்றாக இருப்பதால் நான் இதை மதிப்பிடுவது சரியாகாது. குற்றச்சாட்டின் தொனி ஓர் இடத்திலும் வேண்டாம். அந்த மின்னஞ்சலின் தேதி பின்னாளில் உங்களுக்குத் துணை நிற்கும். அதற்குப் பின்னும் கட்டுரை முடக்கி வைக்கப்படுகிறது என்றோ, அதிலுள்ளவை உங்கள் கூட்டுக் கட்டுரைக்குள் நுழைகின்றன என்றோ தெரிந்தால், ஆசிரியருக்கு நீங்களே நேரடியாக எழுதலாம். மதிப்பீட்டாளர் ஒருவர் கட்டுரையை எழுதியவரின் கருத்தையோ தரவையோ எடுத்துக்கொண்டதாக ஐயம் எழுந்தால் இதழ் என்னென்ன படிகளில் விசாரிக்க வேண்டும் என்று 'கோப்' தனி நடைமுறையே வகுத்திருக்கிறது. கருத்துத் திருட்டைத் தடுக்கும் 2018-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிமுறைகளின்படி, உங்கள் துறையிலும் கல்வி நிறுவனத்திலும் கல்வி நேர்மைக் குழுக்கள் இருக்க வேண்டும், அங்கேயும் முறையிடலாம். நெறியாளரை மாற்றிக்கொள்ள உங்கள் பல்கலைக்கழக விதிகளில் என்ன வழி இருக்கிறது என்பதையும் ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில் அமைதியாக விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குப் போக வேண்டிவராது என்றே நம்புகிறேன். மாணவி மறுத்துவிட்டார் என்றதும் தாமாகவே யோசித்து விலகிக்கொண்ட நெறியாளர்களை நான் அறிவேன்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்ல வேண்டும். நம் கல்லூரிகளில் நேர்மை என்றாலே ஒப்புமை சதவீதம் என்று ஆகிவிட்டது. மென்பொருள் பத்து சதவீதத்துக்குக் கீழே காட்டிவிட்டால் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறோம். அந்த மென்பொருள் சொற்களைத்தான் பார்க்கும். முடக்கி வைக்கப்பட்ட இரண்டு மாதத்தை அது காட்டாது. மதிப்பீட்டின்போது எடுத்துக்கொண்ட ஆய்வுத் திட்டத்தையும் காட்டாது. இந்த இடத்தில் காவல் இருப்பது மதிப்பீட்டாளரின் மனசாட்சி மட்டுமே என்பதால்தான் உங்கள் கடிதத்தை நான் இவ்வளவு முக்கியமாகக் கருதுகிறேன்.

மழைக்கால மாதிரி குறித்த கேள்விக்கு வருகிறேன். இதுதான் உங்கள் கடிதத்தில் மிக நுட்பமான கேள்வி. நிலத்தடி நீர் ஆய்வில் பருவமழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுப்பது யாருக்கும் சொந்தமான யோசனை கிடையாது. பாடப்புத்தகத்தில் உள்ள வழக்கம். அதிலும் பாலக்காட்டின் கிழக்குப் பகுதி போல, மேற்கே கொட்டும் மழையில் சிறு பங்கை மட்டுமே பெற்று, ஐப்பசி மழையையும் எதிர்பார்த்திருக்கும் மண்ணில் பருவ வேறுபாட்டைப் பார்க்காமல் விடுவதுதான் குறை. ஆகவே பொதுவாகக் கேட்டால், எடுக்கலாம் என்பேன். ஆனால் உங்களைப் பொறுத்தவரை, அந்த எண்ணம் எப்போது வந்தது என்பதற்குச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். பதிவின்போது கொடுத்த ஆய்வுச் சுருக்கத்திலோ, ஆலோசனைக் குழுக் கூட்டத்தின் குறிப்பிலோ, உங்கள் குறிப்பேட்டிலோ இரு பருவம் என்று எழுதியிருந்தால் தயங்காமல் செய்யுங்கள். எங்கும் இல்லையென்றால், அடுத்த குழுக் கூட்டத்தில் இதே பொருளில் ஒரு கட்டுரையை மதிப்பீட்டுக்காகப் படிக்க நேர்ந்ததை, அதன் உள்ளடக்கத்தைச் சொல்லாமல், தெரிவித்து, குழுவின் ஒப்புதலோடு தொடங்குங்கள். அவர்கள் கட்டுரை வெளிவந்ததும் முறைப்படி மேற்கோள் காட்டுங்கள். அவர்கள் எந்தக் கிணறுகளைத் தேர்ந்தார்கள், எந்த வரைபடத்தால் ஃபுளோரைடின் மூலத்தைப் பிரித்தார்கள் என்பன போன்ற, அந்தக் கட்டுரையைப் படித்ததால் மட்டுமே உங்களுக்குத் தெரியவந்தவற்றை அது வெளிவரும்வரை தொடவே கூடாது.

கோடை மாதிரிகளைப் பொறுத்தவரை அவை முழுக்க உங்களுடையவை. அவற்றின் தேதியை நிறுவும் ஆவணங்களை ஓரிடத்தில் சேருங்கள்: பக்க எண் இட்ட குறிப்பேடு, கைப்பேசியில் எடுத்த கிணற்றுப் படங்கள், பஞ்சாயத்தில் வாங்கிய அனுமதிக் கடிதம், மின்முனைக் கருவியை ஒவ்வொரு நாளும் அளவீடு செய்த பதிவு. ஆசிரியருக்கு மடல் போன பிறகு உங்கள் கட்டுரையை, நீங்கள் அந்தப் பிரதியைப் படிப்பதற்கு முன் என்ன வைத்திருந்தீர்களோ அதை மட்டும் கொண்டு, வேறோர் இதழுக்கு அனுப்புவதில் தவறில்லை. அந்த இதழின் ஆசிரியருக்கும் நடந்ததைச் சுருக்கமாகத் தெரிவித்துவிடுங்கள். மடல் போவதற்கு முன் அவசரமாக எதையும் வெளியிட வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டாவதாக வருவதால் உங்கள் ஆய்வு வீணாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பிளோஸ் பயாலஜி இதழ் 2018-இல் ஒரு கொள்கையை அறிவித்தது: ஒரே முடிவை வேறொருவர் முன்னால் வெளியிட்டுவிட்டாலும், ஆறு மாதத்துக்குள் வரும் கட்டுரையை அந்தக் காரணத்தால் நிராகரிக்க மாட்டோம், சுதந்திரமாகச் செய்யப்பட்ட இரண்டாவது ஆய்வு முதலாவதை உறுதி செய்கிறது என்று. உங்கள் பொருளில் இது இன்னும் பொருந்தும். ஒருவரையொருவர் அறியாத இரண்டு குழுக்கள், தனித்தனிக் கருவிகளால் அளந்து, இதே பஞ்சாயத்துகளில் ஃபுளோரைடு அதிகம் என்று சொன்னால், குடிநீர்த் திட்டம் கேட்டு மனு கொடுப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பலம்! பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலைக்கு எதிராக 2002-இல் தொடங்கிய போராட்டத்தின்போது நிலத்தடி நீர் பற்றிய நிபுணர் அறிக்கைகள் உயர் நீதிமன்றம் வரை விவாதப் பொருளானதை உங்கள் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். உங்கள் மண்ணில் தண்ணீர் பற்றிய கட்டுரை பேராசிரியர்களோடு நின்றுவிடுவதில்லை. அதை இரண்டு மாதம் முடக்கினால் அந்த இரண்டு மாதமும் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கும் சேர்த்தே முடக்குகிறோம்.

மேற்கோள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மதிப்பீட்டாளர் தம் கட்டுரையைக் குறிப்பிடச் சொல்வது எப்போதும் தவறல்ல. அது இல்லாமல் வாதம் முழுமையடையாது என்றால், ஏன் என்று ஒரு வரி எழுதிக் கேட்கலாம். எண்ணிக்கை கூட்டுவதற்காக நான்கையும் சேர்க்கச் சொல்வது, வெளியீட்டுக்காகக் காத்திருப்பவரின் கழுத்தில் கைவைத்து வாங்குவது. ஆசிரியர்களுக்கு இது உடனே கண்ணில் படும், மதிப்பிட்டவர் யார் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

பின்னாளில் நீங்கள் உங்கள் பெயரிலேயே மதிப்பிடப் போகிறீர்கள் என்பதால், நல்ல அறிக்கை எப்படி இருக்கும் என்பதையும் உங்கள் துறையிலிருந்தே சொல்கிறேன். "மொழி சரியில்லை, புதுமை இல்லை" என்று இரண்டு வரியில் முடிக்கும் அறிக்கை யாருக்கும் உதவாது. புகழ்ந்து தள்ளும் அறிக்கையும் அப்படியே. ஃபுளோரைடு கட்டுரை வந்தால் அட்டவணையை எடுத்து, ஏதேனும் ஐந்து மாதிரிகளுக்கு நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் சமமாகின்றனவா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். வேறுபாடு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் ஆய்வகத்தில் எங்கோ பிழை. எல்லா மாதிரிகளிலும் துல்லியமாகச் சமமாகிவிட்டால் அதையும் கேளுங்கள், ஏனென்றால் உண்மையான அளவீடு அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. மின்முனையால் அளந்திருந்தால், அளவீட்டில் குறுக்கீடு வராமல் தடுக்கும் டிசாப் (TISAB) கரைசலைச் சேர்த்தார்களா, அலுமினியமும் இரும்பும் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்வதைத் தவிர்த்தார்களா என்று கேளுங்கள். கிணற்றின் ஆழம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இப்படி எழுதப்பட்ட அறிக்கை, கட்டுரை நிராகரிக்கப்பட்டாலும் எழுதியவரின் அடுத்த முயற்சிக்குக் கைகொடுக்கும். "இவர்களுக்கு வேதியியல் தெரியவில்லை, ஆய்வே தெரியவில்லை" என்பது போன்ற சொற்கள் எந்த அறிக்கையிலும் இடம்பெறக் கூடாது. சிறிய கல்லூரிகளிலிருந்து எழுதுபவர்களை அந்தச் சொற்கள் ஆய்வை விட்டே விரட்டியிருக்கின்றன.

ஆசிரியர்களாகிய எங்கள் பக்கத்துப் பொறுப்பையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. புகழ்பெற்ற பெயரைப் பார்த்து அழைத்துவிட்டு, அவருக்கு நேரம் இருக்கிறதா, முரண்பட்ட நலன் இருக்கிறதா என்று கேட்காமல் நாள் கெடு மட்டும் வைத்தால், கட்டுரை மாணவர் கைக்குப் போவதில் வியப்பில்லை. அறிக்கை வரத் தாமதமானால் காரணம் கேட்பதும், தேவைப்பட்டால் வேறொருவரை அழைப்பதும் ஆசிரியரின் வேலை. மதிப்பீட்டு முறையில் ஆசிரியர்களும் பதிப்பகமும் அசந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023-இல் பார்த்தோம். ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களில் மதிப்பீடு மோசடியாக நடத்தப்பட்டது தெரியவந்து, அந்த ஓராண்டில் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

உங்கள் அவசரத்தைக் குறைக்கக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. 2022 நவம்பரில் வந்த யுஜிசியின் முனைவர் பட்ட விதிமுறைகளில், ஆய்வேடு சமர்ப்பிப்பதற்கு முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் நீக்கப்பட்டுவிட்டது. பல்கலைக்கழகங்கள் தம் அளவில் தனி விதி வைத்திருக்கலாம். நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்கு எது பொருந்தும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டாயம் இல்லை என்று தெரிந்துவிட்டால், யாரையும் முந்த வேண்டிய நெருக்கடியும் குறையும், ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களின் பக்கம் மனம் போகாமலும் இருக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியக் குடிநீர்த் தரம். உங்கள் கோடை மாதிரிகளில் அதைத் தாண்டிய கிணறுகள் இருந்தால், கட்டுரை வெளிவரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பொதுச் சுகாதாரத்துக்கு உடனடியாகத் தேவைப்படும் தகவலை முன்னதாக மக்களுக்குத் தெரிவிப்பது பின்னர் வெளியிடுவதற்குத் தடையாகாது என்பதை மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. தண்ணீர் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் கிணற்றின் அளவை, தமிழிலும் மலையாளத்திலும், ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். கொதிக்கவைப்பதால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடும் என்பதையும் அதில் சேருங்கள். மொத்தப் பட்டியலின் ஒரு படியைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒன்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதில் இருப்பவை முழுக்க உங்கள் எண்கள். இதற்கு யாருடைய அனுமதிக்காகவும் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.